"தெரியல"ன்னு சொல்ற ஐயர்

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவ சபை நடத்துற ஐயர்மாருக்கு, அதாவது போதகர்களுக்கு, என்ன வேணும்னு கேட்டா நல்லா பிரசங்கம் பண்ணணும்னு சொல்லுவாங்க, நான் எங்க பேசக் கூப்பிட்டாலும் சொல்றது வேற ஒண்ணு. "இது எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்"னு சபை முன்னாடி வாய் திறந்து சொல்ல வரணும்.

எங்க சேகரத்துல, அதாவது எங்க பகுதி சபையில, முன்னாடி ஒரு ஐயர் இருந்தாரு. மழை பேஞ்சா கோயில்ல ஆல்டருக்கு, அதான் பலிபீடத்துக்கு, பின்னாடி சுவர் ஊறும். கமிட்டியில ஒருத்தர் கூரை ஓடு மொத்தத்தையும் மாத்தணும்ங்கறார், இன்னொருத்தர் கான்கிரீட்டே போட்டுருவோம்ங்கறார், யார் எவ்வளவு குடுப்பாங்கங்கற வரைக்கும் பேச்சு போயிருச்சு, கடைசியில எல்லாரும் ஐயர் முகத்தைப் பாக்குறாங்க. அவர் "எனக்கு கட்டட வேலை தெரியாது, கோயில்குட்டியாரைக் கூப்பிடுங்க"ன்னுட்டார். கோயில் வேலைக்காரரைத்தான் அப்படிச் சொல்லுவோம். அந்தப் பெரியவர் வந்து வாசப்படியிலயே நிக்கிறார், ஐயர் எந்திரிச்சுப் போய் ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்கார வச்சார். "ஓடு நல்லாத்தான் இருக்கு ஐயா, வேப்ப இலை விழுந்து தண்ணி போற தகரம் அடைச்சுக்கிடுது, அது திரும்பி சுவத்துல எறங்குது"ன்னார். அவ்வளவுதான் விஷயம். தினம் காலையில கோயிலைத் திறந்து கூட்டுற மனுஷன், அவரை அதுவரைக்கும் யாருமே கேக்கல, கமிட்டியிலயும் அவருக்கு இடம் கிடையாது, அதைக் கவனிங்க.

இதுல எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது அசரியா அத்தியட்சர், அதாவது பிஷப் அசரியா. திருநெல்வேலிச் சீமையில வெள்ளாளன்விளைக்காரர், 1874ல பிறந்தவர். ஒய்எம்சிஏங்கற கிறிஸ்தவ வாலிபர் சங்க வேலையா ஊர் ஊரா போய் பேசி நல்லா பேர் வாங்கினவர், 1909ல, 35 வயசுல, எல்லாத்தையும் விட்டுட்டு ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்துல தோர்ணக்கல்ங்கற ஊருக்கு மிஷனரியா போறார். அங்க பேச்சு தெலுங்கு. பேசியே பேர் வாங்கின ஆளு ஒரு வார்த்தைக்கு இன்னொருத்தர் வாயைப் பாக்கணும், யோசிச்சுப் பாருங்க! அங்க சபைக்கு வந்தவங்க பெரும்பாலும் மாலா, மாதிகான்னு ஒடுக்கப்பட்ட சாதி ஜனங்க, வயக்காட்டுல கூலி வேலை பாக்குறவங்க. அவங்க நடுவுல போய் இருந்துதான் அந்த பாஷையில ஊழியம் செஞ்சார்.

தாழ்மைன்னா வாயை மூடிட்டு இருக்கறதுன்னு நினைச்சுராதீங்க. 1910ல எடின்பரோவுல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல வெள்ளைக்கார மிஷனரிங்க முன்னாடியே, நீங்க நிறைய தியாகம் பண்ணிருக்கீங்க, எங்களுக்கு நண்பர்களையும் குடுங்கன்னு கேட்டவர் அவர்தான். 1912 டிசம்பர் 29ல கல்கத்தாவுல அத்தியட்சர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில, அதாவது இங்கிலாந்து சபை வழியில வந்த சபையில, முதல் இந்திய அத்தியட்சர். அதுக்கு அப்புறமும் மாட்டு வண்டியில கிராமம் கிராமமா போயிட்டுத்தான் இருந்தார். திரும்பவும் சொல்றேன், தெரியலன்னு கேக்கறவருக்கு மரியாதை குறையல.

நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க. சபைப் பெண்கள் சேர்ந்து நடத்துற பெண்கள் ஐக்கிய சங்கம் பத்தி சொல்லணும்னு வந்தேன், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மாறுதலாகி புதுசா வர்ற ஐயர்மாரே, முதல் மாசமே எதையும் மாத்தாதீங்க, வீடு வீடா ஜெபத்துக்குப் போற அந்தச் சங்கத்து அம்மாமாரைக் கூப்பிட்டு உக்கார வச்சு கேளுங்க, எந்த வீட்டுல யாருக்கு முடியல, யார் கோயிலுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க, ஏன்னு அவங்களுக்குத்தான் தெரியும். வணக்கம்.