கருணை மனு மேசைக்கு வரும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சிவகங்கைச் சீமையில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறவன் திருப்பத்தூரை நினைக்காமல் பேச முடியாது. 1801 அக்டோபர் 24-ஆம் தேதி பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் கும்பெனிக்காரர்கள் தூக்கிலிட்டது அங்கேதான். கூட நின்றவர்களையும் அவர்கள் விடவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி சின்னப் பையன். அவனைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். இன்றும் அக்டோபர் கடைசியில் காளையார்கோவிலில் கூடுகிற கூட்டத்தைப் பாருங்கள். எல்லாக் கட்சித் தலைவர்களும் மாலையோடு வருகிறார்கள்.

மருதிருவரையும் ஒரு கொலைக் குற்றவாளியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தூக்குக் கயிறு என்றைக்கும் ஆட்சியில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. அதனால் ஆட்சிக்கு வர நினைக்கும் ஒவ்வொருவரிடமும் இதைப் பற்றிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

நான் வக்கீல். இந்த வழி எப்படிப் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டில் ஒருவருக்குத் தூக்கு என்று தீர்ப்பானால் அதோடு முடிந்துவிடாது. மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். பிறகு உச்ச நீதிமன்றம். அங்கும் போன பின்பு கருணை மனு. அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவில் ஆளுநருக்கும், 72-ஆவது பிரிவில் குடியரசுத் தலைவருக்கும் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அவர்கள் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. ஆக, டெல்லியில் உள்துறை அமைச்சர் என்ன குறிப்பு எழுதி அனுப்புகிறார் என்பதில்தான் ஓர் உயிர் நிற்கிறது. அந்த அமைச்சர் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம், 2008 டிசம்பர் முதல் 2012 ஜூலை வரை உள்துறை அமைச்சர். அவரை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது இங்கே பேச்சில்லை. தூக்கு விஷயத்தில் ஓர் அரசியல்வாதியின் நிலைப்பாடு எப்படி உருவாகிறது என்று பார்க்க, அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். அவர் அமைச்சராக இருந்த காலத்தில் இந்தியாவில் ஒரு தூக்குகூட நிறைவேறவில்லை. 2004 ஆகஸ்டுக்குப் பிறகு அடுத்தது 2012 நவம்பரில்தான். குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் தூக்கை ஆயுளாகக் குறைத்ததும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். ஆனால் அதே உள்துறை வழியாகத்தான் 2011 ஆகஸ்டில் ராஜீவ் கொலை வழக்கின் மூவருடைய மனு தள்ளுபடி ஆனது. செப்டம்பர் 9-ஆம் தேதி தூக்கு என்று நாளும் குறித்துவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். தமிழ்நாடே கொதித்தது.

அந்த நாட்களை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகஸ்ட் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் ஜெயலலிதா, இதில் தமக்கு அதிகாரம் இல்லை என்றார். மறுநாளே, தண்டனையைக் குறைக்கக் கோரும் தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். அவை ஒருமனதாக நிறைவேற்றியது. அதே நாள் உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை போட்டது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மனுவைப் பதினோரு ஆண்டுகள் கிடப்பில் போட்டதையே காரணமாகக் காட்டித் தண்டனையை ஆயுளாக்கியது. அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானார். அந்தச் செப்டம்பர் 9 நடந்திருந்தால் அவர் வெளியே வந்திருக்க முடியாது. இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிதம்பரத்துக்கு மறுபடி வருகிறேன். 2016-இல் ஒரு பேட்டியில், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2013-இல் தூக்கிலிடப்பட்ட அப்சல் குருவுக்கு அந்தச் சதியில் எவ்வளவு பங்கு என்பதில் பெரிய சந்தேகங்கள் இருந்தன என்றார். அரசில் இருக்கும்போது நீதிமன்றம் தவறாகத் தீர்ப்பளித்தது என்று சொல்ல முடியாது, அரசுதானே வழக்கு நடத்தியது என்றும் விளக்கினார். தூக்கிலிட்டபோது தாம் உள்துறை அமைச்சர் இல்லை, தாமாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும் என்ற பொருளிலும் பேசினார். பிறகு 2023-இல், புதிய குற்றவியல் மசோதாக்களை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவில் இருந்தபோது, மரண தண்டனையையே எடுத்துவிட வேண்டும், பரோல் இல்லாத ஆயுள் முழுச் சிறையே போதும் என்று மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கருத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஒரு மனிதர் வயதோடு, அனுபவத்தோடு தெளிவது குறையல்ல. ஆனால் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சந்தேகம் இருந்தது என்பதை மனு மேசையில் இருந்த நாளில் எழுதினால்தான் அது ஒருவரைக் காப்பாற்றும். மூன்று வருடம் கழித்துப் பேட்டியில் சொல்வதால் யாருக்கு என்ன பயன்?

இது அவர் ஒருவரின் கதை இல்லை. 2013-இல் நீதிபதி வர்மா குழு, பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கு வேண்டாம் என்று காரணங்களோடு பரிந்துரைத்தது. சில நாட்களிலேயே மத்திய அரசு, மிகக் கொடிய வழக்குகளுக்குத் தூக்கைச் சேர்த்து அவசரச் சட்டம் போட்டது. 2015-இல் டி. ராஜாவும் கனிமொழியும் மாநிலங்களவையில் தூக்கை ஒழிக்கக் குரல் கொடுத்தார்கள். சட்ட ஆணையமும் அதே ஆண்டு, பயங்கரவாதக் குற்றங்கள் தவிர மற்றவற்றுக்குத் தூக்கு வேண்டாம் என்றது. ஒன்றும் நடக்கவில்லை. அரசியல் நிர்ணய சபையில், 1949-லேயே, மரண தண்டனையை அடியோடு ஒழிப்பதுதான் இந்த நாட்டுக்கு முறை என்று அம்பேத்கர் பேசியிருக்கிறார்.

இனி மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். 2016-இல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகே பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்ததுதான் காரணம். 2017 டிசம்பரில் ஆறு பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தபோது, மூவர் தூக்கை எதிர்த்து மேடை ஏறியவர்களில் பலர் அதை வரவேற்றார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கொலை நடந்த விதம் நெஞ்சைப் பதற வைக்கும். ஆனால் 2020-இல் உயர் நீதிமன்றம் அந்த ஆறு பேரில் பெண்ணின் தகப்பனாரை முழுதாக விடுதலை செய்தது. மற்ற ஐவருக்கும் தண்டனையைக் குறைத்தது. சாட்சியங்கள் அவையேதான். ஒரு கோர்ட் தூக்கு என்றது, இன்னொரு கோர்ட் போகலாம் என்றது. எந்தத் தீர்ப்பு சரி என்று நான் இங்கே வாதாடவில்லை. நீதிபதிகளே இப்படி வேறுபடுகிற இடத்தில், திருத்த முடியாத தண்டனையைக் கொடுக்கலாமா?

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்னிடம், “அவனைத் தூக்குல போடாம விட்டா என் வயிறு எரியாதா ஐயா?” என்று கேட்டால், சட்டப் புத்தகத்தைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. அவர் கேட்பது நியாயம். ஆனால் அவருக்கு உண்மையில் கிடைப்பது என்ன? வழக்கு பத்து, பதினைந்து வருடம் இழுக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வருகிறார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இழப்பீடு கேட்க வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. “தூக்கில் போடு” என்று மைக்கில் முழங்கும் தலைவர்களில் எத்தனை பேர், அடுத்த மாதம் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, வழக்கு என்ன ஆச்சு அம்மா என்று கேட்கிறார்கள்?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்திலும் தூக்கு இருக்கிறது. கும்பலாகச் சேர்ந்து இனம், சாதி, மொழி போன்ற காரணங்களுக்காகக் கொல்வதற்கும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. கருணை மனுக்கள் இனியும் டெல்லிக்குப் போகும்.

ஆகவே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அடுத்து ஓட்டுக் கேட்டு வருபவரிடம், தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். அதற்கு எல்லோரும் கூட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவார்கள். நம் ஆளாக இல்லாத ஒருவனின் கருணை மனு உங்கள் மேசைக்கு வந்தால், அதன் மேல் என்ன எழுதுவீர்கள், எத்தனை மாதத்துக்குள் எழுதுவீர்கள் என்று கேளுங்கள். பதிலைப் பத்துப் பேர் முன்னால் வாங்குங்கள்.

வணக்கம்.