பந்தை விடுங்கள், மணலை அடியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் பழகுகிறவர்களை அதிகம் மிரட்டுவது பங்கர் எனும் மணல்குழிதான். பந்து அதில் விழுந்ததுமே தோள் இறுகிவிடும். எப்படியாவது அள்ளி வெளியே போட்டுவிடலாம் என்று மட்டையை வீசுவார்கள். பந்து எதிர்ச்சுவரில் முட்டிக் காலடிக்கே திரும்பி வரும்.

இந்த அடியில் மட்டை பந்தைத் தொடவே கூடாது. பந்துக்கு ஓரிரு அங்குலம் பின்னால் மணலில் இறங்கி, பந்தின் அடியில் புகுந்து, முன்னால் வெளியே வரவேண்டும். கிளம்புகிற மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும்.

இதற்கென்றே உள்ள மட்டை சாண்ட் வெட்ஜ். அதற்கு இன்றைய வடிவம் வரக் காரணமானவர் அமெரிக்க வீரர் ஜீன் சாரசன். பழைய மட்டைகளின் கூரான விளிம்பு மணலில் புதைந்து நின்றுவிடும். அவர் அடிப்பாகத்தில் ஈயப்பற்று வைத்து, பின்விளிம்பு தாழ்ந்திருக்கும்படி செய்தார். மட்டை புதையாமல் வழுக்கியது. 1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் அந்த மட்டையோடு பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். தாழ்ந்த அந்தப் பகுதியின் வேலையைத்தான் பவுன்ஸ் என்கிறோம்.

பவுன்ஸ் வேலை செய்ய, மட்டையின் முகம், அதாவது அதன் தட்டையான முன்பக்கம், வானத்தைப் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். முதலில் முகத்தைத் திறங்கள், அப்புறம் பிடியுங்கள். பிடித்தபிறகு மணிக்கட்டைத் திருப்பினால், அடிக்கும்போது முகம் தானாக மூடிக்கொள்ளும். நன்றாக ஆடுகிறவர்களிடம்கூட இந்தக் குறையைப் பார்க்கிறேன். பந்து, இலக்குப் பக்கம் உள்ள முன்காலுக்கு நேராக, எடையும் முன்காலில். பாதியில் வேகத்தைக் குறைக்காதீர்கள்.

பயிற்சிக்குப் பந்தே வேண்டாம். மணலில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் மட்டை அந்தக் கோட்டிலேயே இறங்குகிறதா என்று பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் எடை பின்காலில் தங்கிவிட்டது என்று அர்த்தம். போட்டியில் ஒத்திகை வீச்சு மணலைத் தொடக்கூடாது. தொட்டால் தண்டனையாக உங்கள் கணக்கில் இரண்டு அடி கூடும்.

மழையில் இறுகிய மணல் வேறு கதை. அங்கே முகத்தை அவ்வளவு திறந்தால் மட்டை துள்ளிப் பந்தின் நடுவில் பட்டுவிடும். கொஞ்சம் மூடியே வையுங்கள்.

செங்குத்தான சுவர் உள்ள குழியா? 1978 பிரிட்டிஷ் ஓபனில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் 17ஆவது ஆட்டப்பகுதியில் (ஹோல்) ஜப்பானின் டாமி நகாஜிமாவின் பந்து பங்கரில் உருண்டு விழுந்தது. வெளியே வரவே நான்கு அடி, அந்த ஹோலை முடிக்க மொத்தம் ஒன்பது அடி. அப்படிப்பட்ட இடத்தில் இலக்கில் நட்டிருக்கும் கொடியை மறந்துவிட்டு, பக்கவாட்டிலோ பின்பக்கமோ ஒரே அடியில் வெளியே வந்துவிடுங்கள்.