பிளக்கும் அன்றே காய ஆரம்பிக்கிறது விறகு

[காட்சி: அப்போதுதான் அறுத்த ஓக் கட்டையின் வெட்டுமுகம், மிக அருகில்]

இந்த வெட்டுமுகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விரலை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. வளையம் வளையமாகத் தெரியும் இந்தப் பொடித் துளைகள், வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய குழாய்களின் வாய். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். 2 கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால், கூடவே 1 லிட்டர் தண்ணீரையும் வைக்கிறீர்கள்.

அந்த 1 லிட்டரை ஆவியாக்கவே, விறகு தரும் வெப்பத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. மரம் சூடாகும்போது அதிலிருந்து கிளம்பும் வாயுக்கள்தான் கொழுந்தாக எரிகின்றன. அவை முழுதாக எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஈரம் அடுப்பின் சூட்டைக் குறைத்துவிடுவதால், அவை எரியாமல் புகையாகவே வெளியேறும். அந்தப் புகை, குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் தார் மாதிரி படியும். கிரியோசோட் என்று அதற்குப் பெயர். அது தடித்துப்போய் ஒருநாள் பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள்ளேயே நெருப்பு மூளும், வீடே எரிந்துபோகலாம். ஈரவிறகை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, இந்த ஈரம் எப்படி வெளியே வரும்? குழாய் ஓடும் திசையில் வேகமாக வரும், பக்கவாட்டில் மெதுவாகக் கசியும், பட்டை வழியே வருவது ரொம்பக் கஷ்டம். பட்டையோடு கிடக்கும் உருட்டுக்கட்டை வருஷக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருப்பது அதனால்தான். சில மரங்கள் காய்வதற்குள் உளுத்தே போய்விடும். எனவே முதலில் அடுப்பின் உள்ளளவைவிட ஒரு கைப்பிடி குறைவாகத் துண்டுபோடுங்கள். பல அடுப்புகளுக்கு 40 சென்டிமீட்டர் சரியாக இருக்கும். அப்புறம் பிளக்க வேண்டும்.

[காட்சி: இரண்டு கோடாரிகள் பக்கத்தில் பக்கத்தில்]

மெல்லிய அலகுள்ள இந்தக் கோடாரி மரம் வெட்டுவதற்கு. பிளக்க எடுத்தால் கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும். தலை கனத்து, ஆப்பு மாதிரி அகன்ற இந்த இன்னொன்றுதான் நமக்கு வேண்டும். 3 கிலோ தலை போதும். அதைவிடக் கனமானதை எடுத்தால் பத்து அடியில் தோள் சோர்ந்து குறி தவறும்.

முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் அடிக்கட்டையின் மேல் விறகை நிறுத்துங்கள். ஓங்குவதற்கு முன் வெட்டுமுகத்தைப் படியுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடுகிறதா? மரமே வழி காட்டுகிறது. அந்தக் கோட்டின் மேலேயே அடியுங்கள். கணு இருந்தால் அதைக் கீழ்ப்பக்கம் வைத்து, கணு இல்லாத இடத்தில் பிளவைத் தொடங்குங்கள். ரொம்பப் பெரிய கட்டையை நடுவில் அடித்துப் போராட வேண்டாம். விளிம்பிலிருந்து சிம்பு சிம்பாகக் கழற்றிக்கொண்டே உள்ளே வாருங்கள்.

கால்களை அகட்டி நில்லுங்கள். கோடாரி இறங்கும்போது முழங்காலையும் சேர்த்து மடக்குங்கள். அப்போதுதான் குறி தவறினாலும் அலகு அடிக்கட்டையில் இறங்கும், உங்கள் காலுக்கு வராது. கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். சிக்கிய கோடாரியை இன்னொரு கோடாரியால் தட்டவும் கூடாது. இரும்புச் சில்லு தெறிக்கும். அதற்குத்தான் ஆப்பும் சம்மட்டியும் இருக்கின்றன.

8 முதல் 15 சென்டிமீட்டர் தடிமன் வரும்வரை பிளந்தால் போதும். கடுங்குளிரில் உறைந்த கட்டை சட்டென்று பிளக்கும். அதனால் நான் பிளக்கும் வேலையைக் குளிர்காலக் கடைசியிலேயே முடித்துவிடுவேன். முழுக் கோடையும் காய்வதற்குக் கிடைக்கும்.

[காட்சி: விறகு அடுக்கு, பக்கவாட்டில்]

அடுக்கும்போது காற்றுக்கு வழி விடுங்கள், அவ்வளவுதான். தரையில் நேராக வைக்காமல் இரண்டு கழிகளைப் போட்டு அதன்மேல் ஒற்றை வரிசையாக, நெஞ்சளவுக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். இரு முனைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் வரிசை சரியாது. வெட்டுமுகம் வெயிலும் காற்றும் வரும் பக்கம் பார்க்கட்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். மழைக்கு மேலே மட்டும் மூடுங்கள். தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடினால், வெளியே வரும் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பைன், பிர்ச் போன்றவை ஒரு நல்ல கோடையில் காய்ந்துவிடும். ஓக் மாதிரி இறுகிய மரத்துக்கு 2 ஆண்டுகள்கூட ஆகலாம்.

[காட்சி: இரண்டு விறகுகளை ஒன்றோடொன்று தட்டும் கைகள்]

கேளுங்கள். காய்ந்தது 'டங்' என்று ஒலிக்கும். ஈரமானது 'தொப்' என்று அமுங்கும். ஈரம் அளக்கும் கருவி இருந்தால், அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, மறுபடி பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் ஊசியைக் குத்துங்கள். வெளிப்புறம் முதலில் காய்ந்துவிடுவதால் அங்கே அளந்தால் ஏமாந்துபோவோம். 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் வீட்டுக்குள் எடுத்து வாருங்கள். மேலே காட்டினால் திரும்ப அடுக்கிலேயே செருகிவிட்டு, போன வருஷ விறகை எடுங்கள்.