ஃபிட்ஜெரால்டும் ஜோர்டனும் இருக்க வேறு ஜோடி எதற்கு?

நடுவர் அவர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘பேபி இட்ஸ் கோல்ட் அவுட்சைட்’ (‘கண்ணே, வெளியே குளிர்’) என்ற ஆங்கில ஜோடிப் பாட்டைச் சிறப்பாகப் பாடியவர்கள் யார்? 1949-இல் பாடிய எலா ஃபிட்ஜெரால்டும் லூயிஸ் ஜோர்டனுமா, 1961-இல் பாடிய ரே சார்ல்ஸும் பெட்டி கார்ட்டருமா? இதுதானே தலைப்பு? நான் ஃபிட்ஜெரால்ட் கட்சி.

ரே சார்ல்ஸ் குரலைக் கேட்டாலே குளிர் விட்டுப்போகிறது என்றார் எதிரணித் தலைவர். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாட்டு பிறந்த கதையைப் பாருங்கள். 1944-இல் நியூயார்க்கின் நவாரோ ஓட்டலில் குடியேறிய பாடலாசிரியர் ஃபிராங்க் லோசர் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். தானும் மனைவி லின் கார்லண்டும் அங்கே பாடுவதற்காக எழுதிய பாட்டு இது. விருந்தாளிகளிடம் ‘நேரமாகிவிட்டது, கிளம்புங்கள்’ என்பதை நாசூக்காகச் சொல்ல, ஒருவர் கிளம்பப் பார்க்க மற்றவர் ‘வெளியே குளிர், இரு’ என்று தடுக்கும் பாட்டு! என்ன குறும்பு பாருங்கள். பிறகு லோசர் அதை எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்துக்கு விற்றபோது, ‘நம் பாட்டை விற்றுவிட்டாரே’ என்று லின் கொதித்துப்போனாராம்.

ஆக, இது இருவர் விளையாட்டு. ஒருவர் மட்டும் விளையாடினால் அதற்கு வேறு பெயர். லோசர் தம் இசைத்தாளில் ஆணை ஓநாய் என்றும் பெண்ணை எலி என்றும் குறித்தார். பெட்டி கார்ட்டர் அதை நம்பிவிட்டார், நடுவர் அவர்களே! மெல்லிய குரலில் தயங்கித் தயங்கிப் பாடுகிறார். நிஜமாகவே வீட்டுக்குப் போக விரும்புகிறாரோ என்று நமக்கே பதறுகிறது.

இந்தப் பதற்றத்தால்தான் 2018-இல் கிளீவ்லாந்து வானொலி நிலையம் ஒன்று இந்தப் பாட்டையே நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஜான் லெஜண்டும் கெல்லி கிளார்க்சனும் வரிகளை மாற்றிப் பாடினார்கள். ‘பார்த்தீர்களா, பாட்டிலேயே கோளாறு’ என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். ஐயா, வரியை ஏன் மாற்ற வேண்டும்? பாடுகிற ஆளை மாற்றினால் போதுமே! இந்தப் பாட்டு வந்த ‘நெப்டியூன்ஸ் டாட்டர்’ படத்திலேயே, 1949-லேயே, இரண்டாவது ஜோடியில் பெட்டி காரெட்தான் துரத்துகிறார். ரெட் ஸ்கெல்டன் தப்பிக்கப் பார்க்கிறார். அந்தப் பாட்டுக்குத்தான் ஆஸ்கர் கிடைத்தது.

இப்போது என் ஜோடிக்கு வருகிறேன். ஃபிட்ஜெரால்டும் ஜோர்டனும் ஸ்டுடியோவில் முதல்முறை கைகுலுக்கிக்கொண்டவர்கள் அல்ல. 1930-களில் சிக் வெப் இசைக்குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். அவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே இழுப்பார் என்பது இவருக்கு அத்துப்படி. இந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அவர் வரி முடிவதற்குள் இவர் பதில் அதன் வால் மேல் விழ வேண்டும். ஜோர்டனின் டிம்பனி ஃபைவ் இசைக்குழுவின் துள்ளலில் அது கடைசிவரை பிசகவில்லை. ஃபிட்ஜெரால்ட் சாக்குச் சொல்லும்போதே அதில் சிரிப்பு ஒளிந்திருக்கிறது. அம்மா கவலைப்படுவார், அப்பா உலாத்துவார் என்று அடுக்குகிறாரே, அதெல்லாம் ஜோர்டன் எப்படி மடக்குகிறார் பார்ப்போம் என்று அவர் வைக்கும் பரீட்சை. 1961 பதிவோ ஆற அமரப் போகிறது. தனியாகக் கேட்க சுகமாக இருக்கும். வாக்குவாதம் காணாமல் போய்விடுகிறது.

பாடகர் டீன் மார்ட்டினை யாரும் இழுக்காததற்கு நன்றி. 1959-இல் அவர் பாடியதில் பெண் வரிகளைக் குழுவாகப் பாடுகிறார்கள். ஒரு கூட்டமே வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறது, மனிதர் அத்தனை பேரையும் தடுத்துக்கொண்டிருக்கிறார்!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணிக்கு ஒரே கேள்வி. கார்ட்டர் பாடும் அந்தப் பெண்ணுக்கு இருக்க விருப்பமா, போக விருப்பமா? உங்கள் அணியிலேயே ஆளுக்கொரு பதில் சொல்வீர்கள். ஃபிட்ஜெரால்டிடம் அந்தக் குழப்பமே இல்லை. கிளம்புவதற்காகப் போடும் குளிர்கோட்டை அவர் தேடவே இல்லை, ஐயா!

நன்றி, வணக்கம்.