நிறைகுடம் தளும்பாது: ஹிஸ்டீரியா ரீமாஸ்டர் பத்தி பேசினது

மேடையில இருக்கற தலைவர் அவர்களே, வாடகை வாங்காம இந்த ஹாலைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, முன் வரிசையில உக்காந்திருக்கற தபேலா வாத்தியார் அய்யா அவர்களே, காய்ச்சலோட வந்திருக்கற நம்ம துணைத் தலைவர் அவர்களே (நீங்க வந்ததே பெருசு, முடியலன்னா நடுவுல கிளம்பிடுங்க), ஸ்பீக்கரை ஆட்டோல வச்சு அலுங்காம கொண்டுவந்த சவுண்ட் சர்வீஸ் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இன்னிக்கு மூணு விஷயம் பேசணும். டெஃப் லெப்பர்ட்ங்கற ராக் பேண்டோட ஹிஸ்டீரியா ஆல்பம் எப்படி உருவாச்சு, 2017ல வந்த முப்பதாவது வருஷ ரீமாஸ்டர்ல, அதாவது பழைய பதிவோட சத்தத்தை புதுசா சீர் பண்ணி வெளியிட்டதுல, என்ன இருக்கு, கிளாம் மெட்டல்ங்கற பேர், அதாவது பளபளன்னு உடுத்திக்கிட்டு வாசிக்கற ராக்குக்கு வச்ச பேர், இவங்களுக்குப் பொருந்துமா. அந்தப் பேர் அவங்களுக்கே பிடிக்காது, ஆனா கடையில அந்த வரிசையிலதான் வச்சிருப்பாங்க. எங்க பாட்டி அடிக்கடி சொல்லும், நிறைகுடம் தளும்பாதுன்னு. அதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வரேன்.

முதல்ல ரிக் ஆலன் கதைய சொல்லாம இந்த ஆல்பத்தைப் பத்தி பேசவே முடியாது. இங்கிலாந்துல ஷெஃபீல்ட்னு எஃகுக்குப் பேர் போன ஊர், அங்க பசங்களா சேர்ந்து ஆரம்பிச்ச பேண்ட் இது, டிரம்ஸ் வாசிக்கறது ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31, மறுநாள் புது வருஷம், ஷெஃபீல்ட் பக்கத்துல கார் உருண்டு இடது கை துண்டாயிடுது. வயசு 21. டாக்டருங்க கைய திரும்ப ஒட்டவச்சாங்க, சீழ் பிடிச்சு மறுபடி எடுக்க வேண்டியதாப் போச்சு. வாத்தியார் அய்யா, நீங்களே சொல்லுங்க, தாளக்காரனுக்குக் கை போனா என்ன மிச்சம்? அந்தப் பையன் ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டே காலால தட்டிப் பாத்திருக்கான், தட்டத் தட்ட, இடது கை செய்யற வேலைய இடது காலே செய்யலாமேன்னு தோணுது. அப்புறம் காலால மிதிச்சா சத்தம் வர்ற எலக்ட்ரானிக் டிரம் செட்டை தனக்குன்னே செய்யவச்சு, ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை மாதிரி முதல்லேர்ந்து பழகறான். பேண்ட்காரங்க வேற ஆளைப் போடவே இல்ல, காத்திருந்தாங்க! 1986 ஆகஸ்ட்ல அயர்லாந்துல சின்னச் சின்ன ஷோ போட்டு பாக்கறாங்க, துணைக்கு ஜெஃப் ரிச்னு இன்னொரு டிரம்மரும் கூட. ஒரு நாள் அவர் வர லேட்டாயிடுச்சு, ரசிகருங்க காத்திருக்காங்க, ரிக் தனியாவே ஆரம்பிச்சு வாசிச்சிட்டாரு. அதுக்கப்புறம் துணை தேவைப்படல. அதே மாசம் 16ஆம் தேதி இங்கிலாந்துல டானிங்டன்ல நடந்த ராக் இசைத் திருவிழா மேடையில பாடகர் ஜோ எலியட் அவர் பேரைச் சொன்னதும் மைதானமே ஆர்ப்பரிச்சது, ரிக் அழுதுட்டாரு. நீங்க கை தட்டறதும் அவருக்குத்தான், தட்டுங்க.

நிறைகுடம்னா இதுதாங்க.

1987 ஆகஸ்ட் 3 அன்னிக்கு ஆல்பம் வெளிவந்துச்சு. 12 பாட்டு, 62 நிமிஷத்துக்கும் மேல, இவ்வளவையும் ஒரே எல்பி தட்டுல அடைச்சாங்க. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்னா தட்டுல ஊசி ஓடற வரியெல்லாம் நெருக்கமா வெட்டணும், அப்ப சத்தமும் கனமான பேஸ் ஒலியும் குறையும். 2017ல ரெண்டு தட்டா பிரிச்சுப் போட்டப்ப அந்த மூச்சுத் திணறல் போச்சு, அதை மனசாரப் பாராட்டறேன். தயாரிப்பாளர் மட் லேங் சில இடத்துல கிடார் கார்டையே ஒவ்வொரு தந்தியா தனித்தனியா வாசிக்கவச்சு அடுக்கினவரு. அப்படி அடுக்கினதுக்கு நடுவுல காத்து போக இடம் விட்டிருக்காரு, அந்த இடம்தான் இந்த ஆல்பம்.

இப்ப என் ஆதங்கத்துக்கு வரேன். ரீமாஸ்டர்ங்கற பேர்ல நிறைய இடத்துல நடக்கறது என்னன்னா லிமிட்டர்னு உச்ச சத்தத்தை அடக்கற கருவியைப் போட்டு மெதுவான இடத்தையெல்லாம் மேல தூக்கி, உச்சத்தை மொட்டையடிச்சு, எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர்றது. கேட்டவுடனே பிரமாதமா இருக்கும், ஏன்னா சத்தம் கூடினா நல்லா இருக்குன்னு காது ஏமாறும். அரை மணி நேரத்துல அலுத்துடும். என்கிட்ட இருக்கற 1987 சிடியையும் இப்ப ஸ்ட்ரீமிங்ல வர்றதையும் மாத்தி மாத்திக் கேட்டா, காட்ஸ் ஆஃப் வார் ஆரம்பத்துல ஹெலிகாப்டர் தூரத்துலேர்ந்து வர்ற அந்த தூரம் என் காதுக்குக் குறைஞ்சுதான் கேக்குது. தளும்பாத குடத்தை ஏன் ஆட்டணும்?

ரீமாஸ்டர் வேணாம்னு நான் சொல்லல. புதுசு வரட்டும், பழசும் பக்கத்துலயே இருக்கட்டும், எந்த வருஷம் செஞ்ச மாஸ்டர், யார் செஞ்சாங்கன்னு ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எழுதிப் போடட்டும், பாக்கெட் பால்லயே தேதி போடறாங்க இல்ல? இதே பேண்ட் ராயல்டி தகராறுல தன் பழைய பாட்டை ஸ்ட்ரீமிங்குக்குக் கொடுக்காம வருஷக்கணக்கா நின்னாங்க, 2012ல ரெண்டு ஹிட் பாட்டை தாங்களே திரும்பப் பதிவு பண்ணி வெளியிட்டாங்க, 2018 ஜனவரியிலதான் முழுசா வந்துச்சு. பாடினவங்களே அவ்வளவு பிடிவாதமா நின்னிருக்காங்க, கேக்கற நாம ஒரு கையெழுத்தாவது போடலாம்.

வாசல் பக்கம் மேஜையில இதையே கேட்டு ஒரு மனு வச்சிருக்கேன், பேனாவும் இருக்கு, தலைவர் அவர்கள் முதல் கையெழுத்து போட்டுட்டாரு, அவருக்கு நன்றி. மூணாவது விஷயத்துக்கு நேரம் இல்ல, மணி ஏழாகப் போகுது. இப்ப ரெண்டு பதிப்பையும் போடறேன், சத்தம் ரெண்டுலயும் ஒரே அளவுல வச்சிருக்கேன், அப்பதான் நியாயம். எது எதுன்னு சொல்ல மாட்டேன். தம்பி, அந்த ஃபேனை மட்டும் நிறுத்துப்பா, ஆரம்பம் ரொம்ப மெதுவா இருக்கும்.