எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிச்சத்தைப் பாய்ச்சி வேதிவினை நடத்தும் ஒளிவேதி உலை ஒன்று வாங்கலாம் என்று கல்லூரித் துறையில் முடிவாகி, மூன்று கொட்டேஷன் மேசைக்கு வந்துவிட்டால், எல்லார் கண்ணும் முதலில் தேடுவது 'எத்தனை வாட்' என்ற வரியைத்தான். 125 வாட்டை விட 400 வாட் மேல் என்று உடனே தோன்றிவிடும். விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். குடுவைக்குள் எத்தனை ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், போய்ச் சேரும், அதில் எத்தனை உங்கள் பொருளுக்குப் பயன்படும் என்பதைச் சொல்லாது. சிறிய மருந்துப்பொருள் கூடமோ வாசனைப்பொருள் கூடமோ நடத்துகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுக்குகிறார்கள்.

கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். வினைபடு பொருளை, வினை நடத்தப்போகும் அதே கரைப்பானில் கரைத்து, புற ஊதா–கண்ணுறு நிறமாலை எடுங்கள்; எந்த அலைநீள வெளிச்சத்தைப் பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடம் அது. பொருள் உறிஞ்சாத வெளிச்சத்தை எவ்வளவு கொட்டினாலும் வினை நடக்காது. உறிஞ்சுதல் 310 நானோமீட்டரோடு முடிகிறதென்றால், 450 நானோமீட்டர் நீல எல்இடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீண். அதே தாளில் கரைப்பானையும் பாருங்கள். அசிட்டோன் ஏறத்தாழ 330 நானோமீட்டர் வரைக்கும், டொலுவீன் 285 வரைக்கும் வெளிச்சத்தைத் தானே விழுங்கிவிடும். அசிட்டோநைட்ரைலும் மெத்தனாலும் அந்தத் தொல்லை கொடுப்பதில்லை.

கண்ணாடி எது வேண்டும் என்பதும் இந்த நிறமாலையிலேயே தெரிந்துவிடும். சாதாரண போரோசிலிகேட் கண்ணாடி சுமார் 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ள வெளிச்சத்தை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். 254-இல் வேலை செய்ய வேண்டும் என்றால் குவார்ட்ஸ் இல்லாமல் முடியாது. 365-இல் வேலை என்றால் குவார்ட்ஸுக்குப் பல மடங்கு பணம் கொடுப்பது அனாவசியம்.

விளக்கு மூன்று வகை. குறையழுத்தப் பாதரச விளக்கு 254 நானோமீட்டரை முக்கியமாகத் தரும். இதமான சூடுதான் இருக்கும். நடுத்தர அழுத்தப் பாதரச விளக்கு 313, 365, 405, 436 என்று பல கோடுகளை ஒன்றாகத் தரும். சூடும் கடுமையாக இருக்கும். எல்இடி, கேட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் குறுகிய பட்டையாகத் தரும். போட்ட நொடியில் எரியும், நிறுத்திய நொடியில் அணையும். 365 முதல் 450 வரை வேலை இருக்கும் ஆய்வகம் புதிதாக வாங்குவதாக இருந்தால், விளக்குத் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளும் எல்இடி உலையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். 300-க்குக் கீழே போனால் இன்றைக்கும் பாதரச விளக்குத்தான் கைகொடுக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றிருக்கிறது. ஆகவே மாற்று விளக்கு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி, பலரும் கவனிக்காமல் விடும் சங்கதி: வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது? சித்திரை வெயிலில் நம் ஊர்க் குளத்தில் இறங்கினால் மேல் தண்ணீர் கொதிக்கும், அடித்தண்ணீர் சில்லென்றிருக்கும். குடுவைக்குள்ளும் இதே கதைதான். மோலார் உறிஞ்சு கெழு (பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்பதன் அளவு) 1000 உள்ள ஒரு பொருளை லிட்டருக்கு 0.1 மோல் செறிவில் எடுத்தால், வெளிச்சத்தில் 90 விழுக்காடு, தொடக்கத்து 0.1 மில்லிமீட்டருக்குள்ளேயே தீர்ந்துவிடும். செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் ஒரு மில்லிமீட்டர் போகும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குடுவையில் மற்ற இடமெல்லாம் இருட்டு. சுவரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் தேவைக்கு மேல் வெளிச்சம் வாங்கி, உண்டான விளைபொருளே மறுபடி சிதையும். 50 மில்லியில் அழகாக நடந்த வினை 5 லிட்டரில் கறுத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பெரிய குடுவை வாங்கிப் பெரிய விளக்கு போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுகிறேன்: சரியாகாது.

இதற்கு வழி, மெல்லிய குழாய்க்குள் கரைசலை ஓடவிடுவது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2005-இல், பாதரச விளக்கின் உறையைச் சுற்றி எஃப்இபி என்ற ஒளிபுகும் ஃப்ளோரோபாலிமர் குழாயைச் சுருட்டி, அதற்குள் கரைசலைச் செலுத்திக் காட்டியது. நம் ஆய்வகத்திலும் கட்டிக்கொள்ளக்கூடிய அமைப்புத்தான். 1.6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 10 மீட்டர் எடுத்தால் 20 மில்லி பிடிக்கும். நிமிடத்துக்கு ஒரு மில்லி பம்ப் செய்தால் ஒவ்வொரு துளியும் 20 நிமிடம் வெளிச்சத்தில் இருக்கும். ஆனால் வினையில் திடப்பொருள் படிந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன், வினை முடிந்த கரைசலை ஒரு நாள் மேசையில் வைத்துப் பாருங்கள். வீழ்படிவு இறங்கினால் ஓட்ட உலை அந்த வினைக்கு ஆகாது. அல்லது கரைப்பானை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சூடு. நம் ஊரில் இதைத் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. 400 வாட் நடுத்தர அழுத்த விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவரும். அதை, விளக்கைச் சுற்றியுள்ள ஜாக்கெட் என்ற உறைக்குள் ஓடும் தண்ணீர் 5 டிகிரிக்கு மேல் சூடேறாமல் எடுத்துப்போக, நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர் ஓட வேண்டும். மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்கில் ஏப்ரல் மாத மத்தியானத்தில் வரும் தண்ணீரில் கையே வைக்க முடியாது. அதைக் கொண்டு குளிர்விப்பது நடவாத காரியம். போர் தண்ணீராக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. சூடான சுவரில் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாகக் கட்டி, வெளிச்சத்தை மறைத்துவிடும். வாலை வடிநீர் ஊற்றிய, மூடிய சுற்றில் ஓடும் சில்லர் என்ற குளிர்விப்பான் ஒன்றையும் உலையோடு சேர்த்தே பட்ஜெட்டில் எழுதுங்கள். படிவு ஏற்கெனவே கட்டியிருந்தால், 5 விழுக்காடு சிட்ரிக் அமிலத்தை ஜாக்கெட்டில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் கழன்றுவரும்.

மின்சாரம் போகும்போது பம்பும் நின்றுவிடும், ஆனால் விளக்கின் சூடு அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் ஜாக்கெட் விரிசல் விடலாம். விளக்கு எரியாவிட்டாலும் பரவாயில்லை, பம்புக்கு மட்டுமாவது யுபிஎஸ் இருக்க வேண்டும். சூடான பாதரச விளக்கை உடனே திரும்பப் போட்டாலும் எரியாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். எல்இடி குளிர்ச்சியானது என்று நம்பிவிடவும் கூடாது. அதன் சூடு முதுகுப்பக்கம் இறங்குகிறது, அவ்வளவுதான். விசிறி மட்டும் வைத்த எல்இடி உலையில், 36 டிகிரி அறையில் குப்பிக்குள் வெப்பநிலை 45, 50 என்று போய்விடும். அந்த வெப்பநிலையில் இருட்டிலும் ஒரு குப்பியை வைத்துப் பாருங்கள். வினையை நடத்தியது வெளிச்சமா, வெப்பமா என்று அப்போது தெரியும்.

உற்பத்திக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். 365 நானோமீட்டரில் ஒரு மோல் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 328 கிலோஜூல். மூலக்கூறு நிறை 300 உள்ள பொருள் ஒரு கிலோ வேண்டும் என்றால் அது 3.3 மோல். குவாண்டம் விளைவு, அதாவது உறிஞ்சப்பட்ட ஒரு ஃபோட்டானுக்கு மாறும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 0.3 என்று வைத்துக்கொண்டால், 11 மோல் ஃபோட்டான் உறிஞ்சப்பட வேண்டும். அது ஏறத்தாழ ஒரு யூனிட் ஒளி ஆற்றல். எல்இடி, மின்சாரத்தில் 40 விழுக்காட்டை ஒளியாக்கி, அந்த ஒளியில் பாதி கரைசலுக்குள் போகிறது என்றால், கிலோவுக்கு 5 யூனிட் மின்சாரம். 100 வாட் ஒளி தரும் ஒரே தலையை வைத்துக்கொண்டு 20 மணி நேரம் ஓட்ட வேண்டும். நடைமுறையில் ஆகக்கூடியதுதான். ஆனால் குவாண்டம் விளைவு 0.01 என்றால் அதே கிலோவுக்கு 150 யூனிட், 600 மணி நேரம். பொருளின் விலை அதைத் தாங்குமா என்று உலை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். குளோரினேற்றம் போன்ற சங்கிலி வினைகளில் ஒரு ஃபோட்டான் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றும். அங்கே சின்ன விளக்கே போதும். வெப்பத்தையும் வாயுவையும் அடக்குவதுதான் கடினம்.

நைலானுக்கான கேப்ரோலாக்டத்தை ஜப்பானின் டோரே நிறுவனம் சைக்ளோஹெக்சேனிலிருந்து ஒளியைக் கொண்டே டன் கணக்கில் தயாரித்துக் காட்டியது. அங்கும் பெரிய தலைவலி விளக்குச் சுவரில் படியும் தார் போன்ற பழுப்புப் படலம்தான். குறுகிய அலைநீளத்தை வடிகட்டி நிறுத்தினால் அது குறையும். உங்கள் வினையும் முதல் அரைமணி வேகமாக ஓடி, பிறகு தேங்கினால், விளக்கைக் குறை சொல்லும் முன் உலையை அணைத்துச் சுவரைப் பாருங்கள். ஆகவே கழற்றித் துடைக்க முடியாத உலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

நேர் வெயில்? நல்ல உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வந்தாலும், 400 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது 40, 50 வாட்தான். ரோஸ் பெங்கால் போன்ற சாயம் வைத்து, கண்ணுறு ஒளியில் செய்யும் ஆக்ஸிஜனேற்றத்துக்கு வெயில் போதும். குற்றாலச் சாரல் நேரத்தில் தென்காசிப் பக்கம் அதை நம்பி ஒரு பேட்ச் போட முடியாது.

சாயக் கழிவுநீர் ஆய்வு செய்வோருக்கும் சில வார்த்தைகள். வெளிச்சத்தை எடுத்துச் சாயத்தைச் சிதைக்கும் வினையூக்கித் தூளான அனட்டேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழேதான் வெளிச்சத்தை எடுக்கும். ஆகவே 365 எல்இடி சரி, நீல எல்இடி சரிவராது. லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் தொடங்குங்கள். மேலே போனால் தூளே வெளிச்சத்தை மறைக்கும். விளக்கைப் போடும் முன் 30 நிமிடம் இருட்டில் கலக்குங்கள். இல்லையேல் தூளில் ஒட்டிக்கொண்ட சாயத்தையும் சிதைந்ததாகக் கணக்கில் எழுதிவிடுவோம். மெத்திலின் நீலச் சாயம், தூள் இல்லாமலேயே வெளிச்சத்தை உறிஞ்சும் பொருள். ஃபீனால் போன்ற நிறமற்ற ஒன்றையும் சோதிக்காமல் உலை வேலை செய்கிறது என்று சொல்லாதீர்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். கதவைத் திறந்தால் விளக்கு தானே அணைய வேண்டும். 254 நானோமீட்டர் வெளிச்சம் பட்ட கண்ணில் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி, வெல்டிங் பார்த்த கண் போல, மணல் விழுந்தாற்போல் உறுத்தும். கண்ணுக்குப் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குவார்ட்ஸ் விளக்கை வெறும் கையால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இல்லாவிட்டால் விரல் ரேகை சூட்டில் வெந்து குவார்ட்ஸ் மங்கிவிடும்.

உலை வந்து இறங்கியதும் பொட்டாசியம் ஃபெர்ரிஆக்ஸலேட் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். லிட்டருக்கு 0.006 மோல் கரைசலை மங்கலான சிவப்பு விளக்கில் தயாரித்து, உலையில் சில நொடிகள் வைத்து, நிறம் உண்டாக்கும் ஃபினான்த்ரோலின் சேர்த்து, நிறம் முழுதும் ஏறியபின் 510 நானோமீட்டரில் அளந்தால், குடுவைக்குள் நொடிக்கு எத்தனை ஃபோட்டான் போகிறது என்று தெரிந்துவிடும். 365-இல் இதன் குவாண்டம் விளைவு சுமார் 1.2. அந்த எண்ணை உலையின் பதிவேட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எண் முப்பது விழுக்காடு இறங்கியிருந்தால் முதலில் சுவரைத் துடைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் விளக்கை மாற்ற வேண்டும். விற்பவரிடமும் கொட்டேஷனிலேயே சொல்லிவிடுங்கள்: மீதிப் பணம் இந்தச் சோதனை முடிந்த பிறகு.

வணக்கம்.