நிபுணர் உள்ளே வந்தால் பேரம் முடிந்தது: பான் ஸ்டார்ஸ் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம் மக்களே. பான் ஸ்டார்ஸ் என்கிற அமெரிக்க டிவி நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அந்த அடகுக் கடைக்காரர் ரிக் ஹாரிசனைத் திட்டியிருப்பீர்கள். ஒருத்தர் பழைய பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார், நிபுணர் வந்து பார்த்துவிட்டு இது 1,000 டாலர் போகும் என்பார், உடனே ரிக் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 400 தருகிறேன் என்பார், அந்த ஆளும் தலையைச் சொறிந்துவிட்டு 450-க்குக் கை கொடுத்துவிட்டுப் போவார். பார்க்கிற நமக்கு வயிறு எரியும். இன்றைக்கு நான் பெரும்பாலும் ரிக் பக்கம்தான் பேசப் போகிறேன், அடிக்க வராதீர்கள். கிளிப் போட்டால் காப்பிரைட் வந்துவிடும், அதனால் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: லாஸ் வேகஸில் 'கோல்ட் அண்ட் சில்வர்' என்று ஓர் அடகுக் கடை. ரிக்கும் அவருடைய அப்பாவும் 1989-இல் ஆரம்பித்தது. 2009-இல் ஹிஸ்டரி சேனல் அங்கே கேமராவைக் கொண்டுபோய் வைத்தது. அப்பாவை எல்லோரும் 'ஓல்ட் மேன்' என்றே கூப்பிடுவார்கள், 2018-இல் இறந்துவிட்டார். ரிக்கின் மகன் கோரி, கோரியின் சிறுவயது நண்பன் சம்லி. இவ்வளவு போதும்.

சரி, அந்த 1,000 டாலர் விஷயத்துக்கு வருவோம். நிபுணர் சொல்கிற விலை யார் கொடுக்கிற விலை? அந்தப் பொருளுக்காகவே அலைகிற ஒரு சேகரிப்பாளர், என்றைக்கோ ஒரு நாள், கடைக்கு வந்து கொடுக்கப் போகிற விலை. அந்த நாள் அடுத்த வாரமாகவும் இருக்கலாம், மூன்று வருஷம் கழித்தும் இருக்கலாம். அதுவரை ரிக்கின் காசு அலமாரியில் தூங்கும். நடுவில் ஃப்ரேம் போட வேண்டும், துரு எடுக்க வேண்டும், உண்மையானது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். ஏலத்தில் விடலாமே என்றால், பெரிய ஏல நிறுவனங்கள் விற்பவரிடம் கமிஷன் பிடிக்கும், போதாததற்கு வாங்குகிறவரிடமும் 20 சதவீதத்துக்கு மேலே தனியாக வாங்கும். அந்தக் கூடுதலையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவரும் ஏலம் கேட்பார், ஆக அடி விழுவது கடைசியில் விற்பவர் தலையில்தான். இதையெல்லாம் கழித்துப் பாருங்கள், 400 என்பது ஆரம்ப விலையாக அவ்வளவு அநியாயமில்லை. கோரி ஒரு தடவை யாரையும் கேட்காமல் 38,000 டாலர் கொடுத்து ஒரு ஹாட் ஏர் பலூனை வாங்கிவிட்டார். அப்பாவும் தாத்தாவும் குதித்த குதி இருக்கிறதே! பலூன் நல்ல பலூன்தான், ஆனால் அதை யாரிடம் விற்பது?

ஆனால் ஒன்று. ரிக்கை முழுசாக நல்லவராக்கிவிட்டுப் போகவும் எனக்கு மனசில்லை. அந்த நிபுணரைக் கூப்பிடுகிறாரே, 'எனக்குத் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார், அவர் வந்து பார்க்கட்டும்' என்று, அங்கேதான் பேரம் முடிகிறது. கை குலுக்குவதெல்லாம் அப்புறம் நடக்கிற சடங்கு. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், நீங்கள் ஒரு பழைய வாளுக்கு 5,000 கேட்கிறீர்கள். ரிக் நேராக 1,000 என்றால் நீங்கள் சண்டைக்குப் போவீர்கள். ஆனால் மூன்றாவது ஆளாக ஒருத்தர் வந்து, வாளைத் திருப்பிப் பார்த்து, பிடியில் இருக்கிற முத்திரையைக் காட்டி, நாலு வரலாறும் சொல்லிவிட்டு, '2,000 வரை போகும்' என்று முடிக்கிறார். அவருக்கும் உங்களுக்கும் எந்தப் பகையும் இல்லை. இதற்கப்புறம் 5,000 என்று வாயைத் திறக்க முடியுமா? உங்கள் விலை செத்துப்போய்விட்டது, அதைக் கொன்றது ரிக் இல்லை. ரிக் இப்போது 2,000-இலிருந்து கீழே பேசினால் போதும். அரிய புத்தகங்களுக்கு வருகிற ரெபெக்கா ரோம்னி, தாடியும் தொப்பியுமாக வருகிற கிளார்க் கவுன்ட்டி மியூசியத்தில் முன்பு இருந்த மார்க் ஹால்-பேட்டன், இவர்களுக்கெல்லாம் நிஜமாகவே விஷயம் தெரியும், பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவே இல்லை. உண்மையைச் சொல்வதே ரிக்குக்கு லாபம், அவ்வளவுதான்.

சில சமயம் அது தலைகீழாகவும் போகும். ஒரு பெண்மணி சிலந்தி வடிவத்தில் ஒரு நகையைக் கொண்டுவந்து 2,000 டாலர் கேட்டார். அது ரஷ்யாவின் புகழ்பெற்ற ஃபேபெர்ஜே நகைப் பட்டறையில் செய்தது என்று அவருக்குத் தெரியாது, ரிக்குக்குத் தெரிந்துவிட்டது. 2,000-ஐ நீட்டி முடித்திருக்கலாம். மாறாக, இது என்னவென்று விளக்கிச் சொல்லி, தானே 15,000 தருகிறேன் என்றார். அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ரிக் நல்லவர் என்பதற்கு இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 15,000 கொடுத்தும் அவருக்கு லாபம் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் இல்லையா.

ரிக் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், சின்ன வயதில் வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். படுக்கையில் கிடந்த நாட்களில் புத்தகமாகப் படித்துத் தள்ளியிருக்கிறார். கவுன்டரில் அவருக்கு இருக்கிற பலம் அதுதான், குரலை உயர்த்தவே மாட்டார்.

அப்புறம் தங்க நாணயம். யாராவது பழைய அமெரிக்க 20 டாலர் தங்கக் காசு, செயின்ட்-கௌடன்ஸ் என்ற சிற்பியின் டிசைன், 1907-இலிருந்து 1933 வரை அடித்தது, கொண்டுவந்தால் கவனித்துப் பாருங்கள், பேரமே சப்பென்று இருக்கும். எடை 33.4 கிராம், அதில் 90 சதவீதம் தங்கம். அன்றைய தங்க விலையைப் பெருக்கினால் அடிமட்ட விலை வந்துவிட்டது, அதற்கு ரொம்பக் கீழே கேட்டால் நீங்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவீர்கள், அது அவருக்கும் தெரியும். வருஷம் அரிதாக இருந்தாலோ, புதுக்கருக்கு கலையாமல் இருந்தாலோதான் மேலே ஏறும். இங்கேதான் நம்ம ஆட்கள் மாதிரியே அங்கேயும் ஒரு கூட்டம் இருக்கிறது: விற்கப் போகிறோமே, பளபளவென்று இருக்கட்டும் என்று வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக் கொண்டுவரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் காசு முழுக்க மயிரிழை மாதிரி கீறல். அந்தக் கீறல்தான் விலையைத் தின்றுவிடும். அழுக்கோடு கொண்டுவந்திருந்தால் கூடக் கிடைத்திருக்கும்.

விற்க வருகிறவர்கள் செய்கிற இன்னொரு கூத்து எனக்குத் தாங்கவே முடியாது. ரிக் கேட்பார், என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள் என்று. இவர் 3,000 என்பார். ரிக் எதுவும் பேசாமல் பொருளையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாலு செகண்ட் தாங்காது, இவரே '2,500-க்கும் தருவேன்' என்று இறங்கிவிடுவார். ஐயா, எதிராளி இன்னும் வாயே திறக்கவில்லை! அப்புறம் தாத்தா கதை. தாத்தா போரில் கொண்டுவந்தது, அவருடைய தாத்தா கொடுத்தது என்று எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் காகிதம் இல்லாவிட்டால் அந்தக் கதைக்குப் பத்து காசு ஏறாது. 1622-இல் முழுகிய அட்டோச்சா என்ற ஸ்பானிஷ் கப்பலின் வெள்ளிக் காசுகளைப் பாருங்கள், கூடவே சான்றிதழ் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அது வெறும் பழைய ஸ்பானிஷ் வெள்ளி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டிவியில் வருகிறவர்கள் அப்படியே தெருவிலிருந்து நுழைகிறவர்கள் இல்லை, முன்பே விண்ணப்பித்து, பொருளைக் காட்டித் தேர்வாகி வருகிறவர்கள். கடையில் நிஜமாக ஓடுகிற வியாபாரமும் வாள், பலூன் இல்லை. நகை, வாட்ச், அவசரக் காசு. 'அடகா, விற்பனையா' என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள், டிவியில் கிட்டத்தட்ட எல்லோரும் விற்பனை என்பார்கள், ஏனென்றால் அடகில் கதை இல்லை. ஆனால் நெவாடா சட்டப்படி அடகுக்கு மாதம் 13 சதவீதம் வரை வட்டி வாங்கலாம். மாதம், வருஷம் இல்லை! நம்ம ஊர் வங்கியில் நகைக்கடனுக்கு ஒரு வருஷம் முழுக்கக் கட்டுகிற வட்டியை விட அது கூட. அதற்குப் பேரமும் கிடையாது, நிபுணரும் வர மாட்டார். எனக்கு ரிக்கின் 400 டாலரை விட இதுதான் உறுத்துகிறது.

சரி மக்களே, காசு தேய்க்கிற விஷயம் சொன்னேனே, நாணயங்களுக்கு 1-லிருந்து 70 வரை மார்க் போடுகிற முறை ஒன்று இருக்கிறது, அது தனிக் கதை, அடுத்த வீடியோவில் பார்க்கலாம். அதுவரை வீட்டில் இருக்கிற பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காமல் வைத்திருங்கள். வரட்டுமா.